மட்டை போனால் குலை போச்சு: தாப்பாவில் ஒரு வீட்டு அமரில்லிஸ் மீண்டும் பூத்த நிகழ்வு

பின்னணி

மலேசியாவில் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தாப்பாவில்தான் தொடங்குகிறது. ஊரைச் சுற்றிச் செம்பனை, அங்கங்கே எஞ்சி நிற்கும் பால்மரம் (ரப்பர்). மலையிலிருந்து இறங்குகிறவர்கள் காய்கறி, ஸ்ட்ராபெரி, பூச்செடி என்று ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். இந்த நிகழ்வும் அப்படி ஒரு பையில் தொடங்கியது.

குடும்பத் தலைவி அறுபது வயதைத் தாண்டிய அம்மா. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் கும்பலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். தோட்டத்து லயத்தை விட்டு, ஊருக்குள் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வரிசை வீட்டுக்கு வந்திருந்தார். முன்னால் சிறு மண்தரை, ஓரத்தில் ஒரு ரம்புத்தான் மரம். ஒரு தீபாவளி விடுமுறையில் மகள் மலைக்கடையிலிருந்து ஆறு அமரில்லிஸ் கிழங்குகளையும், இணையத்தில் சொல்லி வரவழைத்த பத்து துலிப் கிழங்குகளையும் கொண்டுவந்து கொடுத்தார். துலிப் ஏற்கெனவே குளிரூட்டப்பட்டது என்று உறையில் எழுதியிருந்தது.

அமரில்லிஸ் ஆறும் அந்த டிசம்பரிலேயே பூத்தன. சிவப்பும் வெள்ளையும் கலந்த பெரிய பூக்கள், ஒரு தண்டில் நான்கு. அக்கம்பக்கத்தார் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். துலிப்பில் மூன்று மட்டும், தண்டு நீளாமல் மண்ணோடு ஒட்டியபடி பூத்தன. மற்றவை இலையோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு எதிலுமே ஒரு பூ இல்லை.

தமிழ்ப்பள்ளித் தோட்டங்களுக்குச் சில ஆண்டுகளாக நான் உதவி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் மகள் என்னை அழைத்தார். அது மூன்றாம் ஆண்டின் மார்ச் மாதம்.

முதல் நாள் பார்த்தவை

முதலில் கண்ணில் பட்டது நிழல். ரம்புத்தான் மரத்துக்கு நேர் கீழே, காலையில் ஒரு மணி நேரம்கூட நேர்வெயில் விழாத இடத்தில், கிழங்குகள் கழுத்துவரை களிமண்ணில் புதைந்திருந்தன. தோண்டிப் பார்த்தால் மண் கையில் ஒட்டியது. அம்மா தினமும் மாலையில் குழாய் பிடித்து இலைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இலைகள் ஒன்றோ இரண்டோதான், அவற்றின் ஓரத்தில் சிவப்புக் கீற்றுகள். ஈரம் தங்கும் இடங்களில் இந்தக் குடும்பச் செடிகளுக்கு வரும் பூஞ்சை நோய் அது.

நூல் சுற்றி அளந்தேன். ஆறு கிழங்குகளின் சுற்றளவும் 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள் இருந்தது. கடையில் வாங்கும்போது ஒவ்வொன்றும் இதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பூக்கும் கிழங்காக விற்பவை பெரும்பாலும் 20க்கு மேல்தான் வரும். பொதுவாக 20 சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்ட கிழங்கிடம் பூவை எதிர்பார்க்க முடியாது.

"பூத்த பிறகு இலையை என்ன செஞ்சீங்கம்மா?" என்று கேட்டேன்.

"பூ முடிஞ்சதும் சுத்தமா அறுத்துடுவேன் சார். எலையா தொங்கிக்கிட்டு கெடந்தா நல்லாவா இருக்கு?"

ஒவ்வொரு முறை இலை நான்கு விரல் உயரம் வந்ததும் அறுத்திருக்கிறார். உரமாக யூரியா மட்டும், அதுவும் கைக்கு வந்த அளவு.

அதே வீட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். பின்பக்கச் சாக்கடையோரம், அம்மா லயத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த பழைய செம்மஞ்சள் லில்லி ஒரு புதராக நின்றது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை, இலையைத் தொடுவதுகூட இல்லை. அது ஆண்டுதோறும் பூக்கிறது. அதுவும் முன்வாசலில் பூக்காமல் நிற்பதன் உறவுதான். கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் இந்தச் செடி உண்மையில் தென் அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். அந்தப் பெயரை வில்லியம் ஹெர்பர்ட் 1821இல் சூட்டினார். அசல் அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு செடி. ஊர்ப்பழக்கத்தில் அமரில்லிஸ் என்றே சொல்லிவிடலாம். ஆனால் தென் அமெரிக்கா என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், காரணம் பின்னால் வரும்.

துலிப் பற்றிய முடிவு

இதை முதலில் முடித்துவிட்டேன். துலிப்பை மறந்துவிடுங்கள் என்று மகளிடம் நேராகச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

துலிப் மத்திய ஆசியாவின் மலைகளில், பாமீர், தியன் ஷான் பக்கத்தில் விளைந்தது. அங்கே குளிர்காலம் முழுக்க அது உறைபனிக்கடியில் கிடக்கும். சுமார் 12 முதல் 16 வாரம், 9 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் இருந்தால்தான் உள்ளேயிருக்கும் பூத்தண்டு நீளும். குளிர் போதாவிட்டால், இங்கே நடந்ததைப் போலத் தண்டு குறுகி மண்ணிலேயே பூக்கும், அல்லது மொட்டு உள்ளேயே கருகும். தாப்பாவில் இரவிலேயே 22, 23 பாகை. மலையிலேயே வைத்துவிடலாமே என்று மகள் கேட்டார். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் இரவு வெப்பம் சுமார் 15 பாகை, அதுவும் துலிப்புக்குப் போதாது.

மகள் ஏற்கெனவே ஒருமுறை குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார், காய்கறித் தட்டில், ஆப்பிளும் மாம்பழமும் இருந்த இடத்தில். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு துலிப்பின் மொட்டைச் சாகடிக்கும். வைத்தது அத்தனையும் வீண். வாயுவே இல்லாமல் வைத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது. துலிப்பின் தாய்க்கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் கரைந்துபோய், அதன் இடத்தில் சிறு கிழங்குகள் உண்டாகும். அவை பெருக்க நீண்ட, குளிர்ந்த வசந்தம் வேண்டும். அது நம்மிடம் இல்லை. துலிப்பை ஒருமுறை பார்த்து மகிழும் பூவாக வாங்கலாம், வைத்து வளர்க்க அல்ல.

நான் சொன்ன தவறான யோசனை

அமரில்லிஸுக்கு நான் சொன்ன முதல் வழி தவறானது. அதை மறைக்காமல் எழுதுவது முக்கியம், ஏனென்றால் இதே யோசனை பல இடங்களில் அப்படியே சொல்லப்படுகிறது.

குளிர்நாட்டுக் குறிப்புகளில், இலையுதிர் காலத்தில் தண்ணீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டியெடுத்து எட்டு முதல் பத்து வாரம் உலர்வாக வைத்து மறுபடி நடச் சொல்வார்கள். அதையே நானும் சொன்னேன். கிழங்குகளைத் தோண்டி, வேரைச் சுத்தம் செய்து, வலைப்பையில் போட்டுக் காற்றாடும் இடத்தில் தொங்கவிடச் சொன்னேன். அம்மா சமையலறையில், பெரிய வெங்காயப் பைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். ஒருநாள் வீட்டுக்குப் போனபோது பார்த்துப் பதறி, உடனே வெளியே எடுத்துப் போட்டேன். இந்தக் கிழங்கில் லைக்கோரின் என்ற நச்சு உண்டு. வெங்காயத்தோடு மாறி வெட்டிப் போட்டால் குடும்பமே வாந்தி எடுக்கும். நாய், பூனை, ஆடு உள்ள வீட்டிலும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இதற்கிடையில் ஏப்ரல், மே மழை பிடித்துக்கொண்டது. காற்று முழுக்க ஈரம், கிழங்கு உலரவே இல்லை. ஆனால் உணவு செய்ய இலையும் இல்லை, தண்ணீர் எடுக்க வேரும் இல்லை. ஜூன் நடுவில் எடுத்துப் பார்த்தால் ஐந்து கிழங்குகள் சுருங்கியிருந்தன, சுற்றளவு சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஆறாவதும் இருந்ததிலேயே பெரியதுமான கிழங்கு அடித்தட்டில் அழுகிப்போயிருந்தது.

அந்தக் கிழங்கை வெட்டிப் பார்த்த நாள்

அழுகியதைத் தூக்கிப்போடும் முன் அம்மாவையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். இந்த நிகழ்வில் திருப்பம் ஏற்பட்டது அங்கேதான்.

வெங்காயத்தைப் போலவே அடுக்கு அடுக்காக இருந்தது. ஒவ்வோர் அடுக்கும் ஓர் இலையின் அடிப்பகுதி. எண்ணிக்கொண்டே போனால் நாலு அடுக்குக்கு ஒருமுறை, நடுவில் ஒரு சிறு முளை. அது பூந்தண்டு. ஹிப்பியாஸ்ட்ரத்தின் கணக்கு அது: நாலு இலைக்கு ஒரு பூ. உள்ளே உருவான மொட்டு முற்றி வெளியே வர ஓராண்டு அல்லது அதற்கும் மேல் ஆகும். ஆகவே ஒரு நல்ல கிழங்கில் இந்த ஆண்டின் மொட்டும், அடுத்த ஆண்டின் மொட்டும் ஒரே நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். எங்கள் கிழங்கில் இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று பழுப்பேறிக் காகிதமாகக் காய்ந்திருந்தது. இன்னொன்று ஊசிமுனை அளவுக்கு நின்றுபோயிருந்தது.

அதாவது கிழங்கு பூவைத் தொடங்கியிருக்கிறது. சோறு போட ஆளில்லாமல் பட்டினியில் விட்டுவிட்டது. முதல் டிசம்பரில் பூத்த பூ, அந்தக் கிழங்கை வளர்த்த வயலில் ஓராண்டு வெயிலில் நின்ற இலைகள் சேர்த்து வைத்தது. அடுத்த பூவுக்குச் சேர்க்க வேண்டிய இலையை இங்கே ஒவ்வொரு முறையும் அறுத்துக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லி முடிக்கும் முன் அம்மா சொன்னார்: "மட்டை போனா கொல போச்சு. செம்பனையில அப்படித்தானே."

தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அது. செம்பனையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பூங்குலை. முற்றிய மரத்தில் 35, 40 மட்டை நிற்கவேண்டும். குலை வெட்டுகிறவர் அவசரத்தில் பச்சை மட்டைகளையும் சேர்த்து வெட்டிவிட்டால், நஷ்டம் உடனே தெரியாது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்துக் குலை குறையும். தோட்டக் கணக்கரான கிராணி வந்து திட்டும்போது வெட்டினவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார். இருபது ஆண்டு மட்டைக் கணக்குப் பார்த்த கண், வீட்டு வாசலில் அதே கணக்கைக் காணவில்லை. பூவென்றால் அழகு, அழகென்றால் சுத்தம் என்ற எண்ணம் மறைத்துவிட்டது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. செடியை உலர வைக்கச் சொன்னவன் நான்.

மாற்றிய முறை

அன்று மாலையே ஐந்து கிழங்குகளையும் எட்டு அங்குலத் தொட்டிகளில் வைத்தோம். செம்மண் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கை அரைப் பங்கு. அடியில் உடைந்த செங்கல். கிழங்கின் தோள் வெளியே தெரியும்படி, பாதிக்கு மேல் மண்ணுக்கு வெளியே. கழுத்தில் தண்ணீர் தங்காமல் இருந்தால் அழுகல் பாதி குறைந்துவிடும்.

தொட்டிகளை ரம்புத்தான் நிழலிலிருந்து விலக்கி, காலை வெயில் ஒரு மணி வரை விழும் சுவரோரம் வரிசையாக வைத்தோம். தண்ணீர் மண்ணில் மட்டும், மேல்மண் காய்ந்த பிறகே. யூரியாவை நிறுத்தினோம். தழைச்சத்து மட்டும் கொடுத்தால் இலை நீண்டு தளரும், கிழங்கு பெருக்காது. அதற்குப் பதிலாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் 12-12-17 நீல உரம், மாதம் ஒரு தேக்கரண்டி, தொட்டி ஓரத்தில். தோட்டத்தில் போடும் எம்ஓபி சாம்பல்சத்தையும் சேர்க்கலாமே என்று அம்மா கேட்டார். கேள்வி சரியானது. செம்பனை அதைக் கேட்டு வாங்கித் தின்னும். ஆனால் சிறு தொட்டியில் உப்பு தங்கி வேரைச் சுடும், நீல உரத்தில் இருக்கும் 17 பங்கு சாம்பல்சத்தே போதும் என்று முடிவு செய்தோம்.

முக்கியமான விதி ஒன்றுதான். பச்சையாக இருக்கும் இலையை யாரும் தொடக்கூடாது. நோய்க்கீற்று அதிகமான நுனியை மட்டும், கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு நறுக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தார்கள்.

அந்த ஆண்டு ஓய்வு என்ற பேச்சே வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். 15 சென்டிமீட்டர் கிழங்கை ஓய்வுக்கு அனுப்புவது பட்டினியில் கிடப்பவரை உபவாசம் இருக்கச் சொல்வது போல.

நடந்தது

ஜூலையில் ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. செப்டம்பரில் நாலு, ஐந்து. அக்டோபரில் ஒரு தொந்தரவு வந்தது. ஒரே இரவில் மூன்று தொட்டிகளின் இலை சல்லடையாகிவிட்டது. கறுப்பு உடலில் வெளிர்மஞ்சள் பட்டைகள் உள்ள லில்லிப் புழு. தாமான் சாலையோரம் வரிசையாக நிற்கும் சிலந்தி லில்லியில் அது பெருகி, அங்கிருந்து வந்திருக்கிறது. இந்தப் புழு இலையோடு நிற்காது, கழுத்து வழியாகக் கிழங்குக்குள் இறங்கிவிடும், அதனால் ஒருநாள்கூடத் தாமதிக்க முடியாது. அம்மா இரண்டு வாரம் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு உட்கார்ந்து கையால் பொறுக்கினார். இளம்புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளித்தோம். ஒரு கிழங்கு மூன்று இலை இழந்தது. அது பிறகு முழுமையாகத் தேறவில்லை.

ஜனவரியில் மேல்மண்ணை விலக்கி அளந்தோம். மூன்று கிழங்குகள் 20ஐத் தாண்டியிருந்தன. இரண்டு 17, 18இல் நின்றன. இங்கே ஒரு சிறு ஒப்பீடு செய்யத் தோன்றியது. ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் எங்கள் பக்கத்தில் மழை ஓரளவு ஓயும். பெரிய மூன்றையும் தொட்டியோடு, வேரோடு, கூரை இறக்கத்துக்குள் நகர்த்தி ஆறு வாரம் தண்ணீரை நிறுத்தினோம். இலை தானாக மஞ்சளானபோது மட்டும் எடுத்தோம். சிறிய இரண்டையும் வழக்கம்போல வளரவிட்டோம்.

அதே வாரங்களில் சாக்கடையோரம் முளைத்துக் கிடந்த இளஞ்சிவப்பு மழை லில்லி ஒன்றை அம்மா காட்டினார். பதினைந்து நாள் வெயில், அதற்குப் பிறகு ஒரு பெருமழை, நான்காம் நாள் பூ. அதுவும் இதே குடும்பம்தான். தென் அமெரிக்கப் பகுதிகளில் வறட்சியும் மழையும் மாறி மாறி வரும் இடங்களிலிருந்து வந்த செடிகளுக்குக் கடிகாரம் குளிர் அல்ல, தண்ணீர். துலிப்புக்கும் அமரில்லிஸுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சாக்கடையோரப் பூ என்னைவிட நன்றாக விளக்கியது.

மார்ச் முதல் வாரம் மூன்றுக்கும் முழுத் தண்ணீர். மூன்றாவது வாரத்தில் ஒன்றில், கழுத்தின் ஓரத்திலிருந்து, தட்டையான பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. இலை நடுவிலிருந்து வரும், பூந்தண்டு பக்கவாட்டில் வரும். அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மகள் வேலையிடத்திலிருந்து எனக்குப் படம் அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல். ஒரு வாரம் கழித்து இரண்டாவதிலும் தண்டு வந்தது. மூன்றாவது இலையோடு நின்றது. ஏப்ரல் முதல் வாரம் பூத்தன, ஒன்றில் மூன்று பூ, மற்றதில் இரண்டு.

சிறியவற்றில் பூ இல்லை என்று எழுதி முடித்திருந்தேன். ஆகஸ்டில் அவற்றில் ஒன்று, எந்த ஓய்வும் கொடுக்காமலே, தண்டு விட்டுவிட்டது. அளந்தால் 22. ஆக, தண்ணீரை நிறுத்துவது பூவை உண்டாக்கவில்லை. இருக்கும் மொட்டை ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே மொட்டு இல்லையென்றால் எழுப்ப ஒன்றும் இருக்காது. ஐந்து கிழங்குகளை வைத்துப் பெரிய முடிவு சொல்லக்கூடாது. ஆனாலும் வெட்டிப் பார்த்ததும் வளர்த்துப் பார்த்ததும் ஒன்றையே சொன்னதால் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது.

அடுத்த ஆண்டும் அதே முறை. பூ வாடியதும் விதைக்காய் பிடிக்காமல் பூக்காம்பை மட்டும் கிள்ளினோம். பச்சைத் தண்டை அது தானாக வதங்கும்வரை விட்டுவைத்தோம், ஏனென்றால் அதுவும் கொஞ்சம் சமைத்துத் தரும். இந்த முறை மார்ச், ஏப்ரலில் நான்கு கிழங்குகள் பூத்தன. பெரியது, 27 சென்டிமீட்டர், இரண்டு தண்டு விட்டது.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

தோண்டவே மாட்டேன். அதுதான் முதலாவது. முதல் வருகையிலேயே இலை, வெயில், வடிகால் மூன்றையும் சரிசெய்துவிட்டு, கிழங்கைத் தொடாமல் ஓராண்டு விட்டிருந்தால், மூன்று மாதமும் ஒரு நல்ல கிழங்கும் மிஞ்சியிருக்கும். நம்மூர் ஈரத்தில் வேரில்லாத கிழங்கு ஓய்வெடுப்பதில்லை, அழுகுகிறது. ஓய்வு தேவைப்பட்டால் தொட்டியோடு, மழை படாத இடத்தில், மழை ஓயும் மாதத்தில். நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், நூலைச் சுற்றி அளந்துபார்க்க வேண்டும்.

அடுத்து, பின்பக்கத்துச் செம்மஞ்சள் லில்லியைப் பற்றி அன்றே கேட்டிருப்பேன். விடை வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தது, அதைப் பார்த்தும் வேறு நாட்டுக் குறிப்பைத் தேடிப் போனேன். அம்மாவின் தோட்ட அனுபவத்தையும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

புழுவுக்கு, அக்டோபர் மழை தொடங்கும் முன்பே வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே துடைத்துவிடலாம்.

கடைசியாகப் போனபோது அம்மா இரண்டு பக்கக்கிழங்குகளைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தார், இலையை அறுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. புழு தின்ற ஐந்தாவது தொட்டி இன்னும் பூக்கவில்லை. அளவு 18.5. இலை ஆறு நிற்கிறது.